பதினோராம் எண் கிண்ணம்

இல்லம்மா, மார்க்க மாத்துங்கன்னு நான் கேக்கவே இல்ல. மார்க் அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ நான் எழுதிக் குடுத்த மூணு வரி இருக்கு பாருங்க, அத மட்டும் அடிச்சிடுங்கன்னுதான் கேக்குறேன். பதினொண்ணாம் நம்பர். ஆமா, பூசணிக்காய் சூப். பேனாகூட நானே கொண்டு வந்திருக்கேன். ஒரே ஒரு கோடு. உங்களுக்கு என்ன சிரமம்?

ஆறு மணிக்கு மேடைல படிக்கணும், தெரியும். அதனாலதான் ஓடி வந்தேன். ஜெயிச்ச கடைக்காரங்கள மேடைக்குக் கூப்பிட்டு நிக்க வச்சு, நடுவருங்க எழுதினத அவங்க காதுபட மைக்குல படிப்பீங்க, இவ்வளவு கூட்டமும் கை தட்டும். நல்ல ஏற்பாடு. குத்தம் சொல்லல. அந்த மூணு வரி மட்டும் இல்லாம இருந்தா இன்னும் நல்ல ஏற்பாடா இருக்கும். இப்ப மணி என்ன? அஞ்சு இருவதா? நிறைய நேரம் கெடக்கு. நீங்க சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. என்னது, சுட்ட சோளமா? மூணாம் நம்பரா இருக்கும். ஒரு பக்கம் கருகியிருக்குமே? எழுதியிருக்கேன், பாருங்க.

பதினொண்ணுதான் ஜெயிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்னா? ஏம்மா, மூணு நடுவர்ல நானும் ஒருத்தன், மத்த ரெண்டு பேரும் எனக்கு எதுக்கத்தானே உட்கார்ந்திருந்தாங்க. அந்த பேக்கரிக்காரர் பத்துக் கிண்ணம் வரைக்கும் நுனி நாக்குல தொட்டுத் தொட்டுத் தள்ளி வச்ச மனுஷன். பதினொண்ண ரொட்டித் துண்டால வழிச்ச வழியில, கழுவுறவங்களுக்கு வேலையே வைக்கல. சமையல் வகுப்பு டீச்சர் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு சாப்பிட்டாங்க. சாப்பிடுறதுக்குக் கண்ணாடிய எதுக்குக் கழட்டணும், சொல்லுங்க? கண்ணு கலங்கினாத்தானே கழட்டணும்.

என்னைத் தெரியலையா? குரலக் கேட்டுமா தெரியல? காலைல ஆறு அம்பதுக்கு வானொலில பத்து நிமிஷம், குடும்பத்துல எப்படி நடந்துக்கணும்னு ஒருத்தர் பேசுவாரே… அந்த ஒருத்தர் நான்தான். தூங்கிட்டு இருப்பீங்களா? பரவாயில்ல, நிறைய பேரு அதத்தான் சொல்றாங்க. எங்க வீட்டம்மா முழிச்சுத்தான் இருப்பா. ஆனா கரெக்டா அந்த நேரத்துலதான் அவளுக்கு மிக்ஸி ஓடணும். முன்னாடியே பதிவு பண்ணி வைக்கிறதுதான், அதனால நான் வீட்ல உட்கார்ந்து என் பேச்ச நானே கேப்பேன். அன்பார்ந்த நேயர்களேன்னு ஆரம்பிப்பேன், உள்ள டர்ருனு ஓடும். பதினெட்டு வருஷமா என் முதல் வரிய நானே முழுசாக் கேட்டதில்லம்மா.

யாருக்கும் சாயாத ஆளு ஒருத்தர் வேணும்னு உங்க விழாக் குழுத் தலைவர் என் வீடு தேடி வந்தாரு. நடுவர்னு வீட்லகூட மூச்சு விடக் கூடாதுன்னாரு. விடல. எங்க போறீங்கன்னு கேக்க அவளும் காலைல வீட்ல இல்ல, விடியறதுக்கு முன்னாடியே தங்கச்சிகூடப் போயிட்டா. அதனால பொய் சொல்ற பாவமும் எனக்கு மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கோச்சுக்காதீங்க. உங்க விதிமுறை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பதினாலு கடை, பதினாலு கிண்ணம். அடியில நம்பர் மட்டும். யாரு செஞ்சது, எந்தக் கடை, ஒண்ணும் தெரியாது. நடுநடுல வெறுந்தண்ணி ஒரு மடக்கு. நடுவருங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து மூஞ்சி சுளிக்கக் கூடாது. எல்லாம் சரி. அந்த அஞ்சாவது விதிதான் எனக்குப் புடிக்கல. மேஜைல உப்பு கிடையாதாம்! பரிமாறுன பொண்ணுகிட்ட ரெண்டு தடவ கேட்டேன். இல்ல சார், செஞ்சவங்க போட்ட உப்போடதான் சாப்பிடணும்னுட்டா.

எனக்கு ஒரு பழக்கம்மா. தட்டு முன்னாடி வந்துட்டா முதல்ல கைக்கு வர்றது உப்புக் குப்பிதான், அப்புறம்தான் கரண்டி. ருசி பாத்துட்டுப் போட்டா என்னன்னா, எப்படியும் போடத்தானே போறோம்? கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான். கை அது பாட்டுக்குப் போகும். இன்னைக்கும் போச்சு. மேஜை பூரா தடவிட்டு வெறுங்கையாத் திரும்பி வந்துச்சு. நான் ஏதோ மேஜையத் துடைக்கிறேன்னு நெனச்சு பேக்கரிக்காரர் தன் கிண்ணத்தத் தூக்கிப் புடிச்சுக்கிட்டாரு.

இன்னொண்ணு, அந்த டிரம்ஸ். ரெண்டாவது மேடைக்கு நேர் பின்னாடி எங்க மேஜையப் போட்டீங்களே, அது யாரு யோசனை? அவன் ஒரு அடி அடிச்சா கிண்ணத்துல இருக்குற கரண்டி தானா ஒரு அடி நகருது. என் நெஞ்சுக்குள்ள எது என் துடிப்பு, எது அவன் துடிப்புன்னே தெரியல. அந்தக் கலவரத்துலதான் பதினொண்ணு வந்துச்சு. மஞ்சளா, மேல கொஞ்சம் மிளகு, ஓரத்துல வறுத்த ரொட்டி நாலு துண்டு. பூசணிக்காய் சூப்பான்னு எனக்கு சலிச்சுப்போச்சு. எங்க வீட்ல வாரத்துல ரெண்டு நாள் அதேதான். அவ வைப்பா, நான் குடிப்பேன், பேப்பர மடிச்சு வச்சிட்டு எழுந்துடுவேன். அது பேருக்கு ஒரு சூப்.

ஆனா இது… எப்படிச் சொல்ல. முதல் வாய்ல ஒரு இனிப்பு வந்துச்சும்மா. பூசணிக்கு இனிப்பு உண்டுன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அது போறதுக்குள்ள சுட்ட பூண்டு வருது, காரம் போன பூண்டு, சாந்தமா. எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கும்போது எங்கயோ ஒரு மூலைல எலுமிச்சம்பழம், வந்தேன்னு சொல்லிட்டுப் போகுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறல, மிதிக்கல. வெளிய டிரம்ஸ்காரன் அந்த அடி அடிக்கிறான், எனக்கு எல்லாம் அமைதியாயிடுச்சு. கண்ண மூடிட்டேன். தொறந்து பாத்தா கிண்ணம் காலி. அந்த வேகத்துல எழுதினதுதான் அந்த மூணு வரி.

ஐயோ, படிக்காதீங்க. சத்தமா வேற படிக்கணுமா? நான் எழுதினது எனக்குத் தெரியாதா? இதைச் சமைத்த கையை நான் அறியேன். இப்படி ஒரு சுவையை என் வாழ்நாளில் நான் உண்டதில்லை. இந்தக் கையால் நாள்தோறும் உண்ணும் கொடுத்துவைத்தவர் எவரோ, அவர் ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர். போதுமா? நல்லாத்தான் இருக்குங்கிறீங்க. அதான் பிரச்சினை. அளவுக்கு மீறி நல்லா இருக்கு. நடுவர்னா நிதானம் வேணும். சுவை நன்று, பதம் நன்றுன்னு எழுதிட்டுப் போகணும். கொடுத்துவைத்தவர் எவரோன்னு அடுத்த வீட்டுக்காரன் அதிர்ஷ்டத்தப் பத்தி நான் ஏன் ஏங்கணும்?

பேரு சொல்லாமத்தான் படிப்பீங்க, சரி. என் நடை தெரியாதா? கடமைப்பட்டவர்னு இந்த ஊர்ல வேற யாரு எழுதுறா? போன புதன்கிழமை தலைப்பே நன்றி பாராட்டல்தான். அன்பார்ந்த நேயர்களே, உங்களுக்காக உழைக்கும் கைகளை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள், அந்தக் கைகளிடம் ஒரு நல்ல சொல் சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள், நாளை என்பது நம் கையில் இல்லைன்னு உருகி உருகிப் பேசினேன். ஒரு வாத்தியார் கடிதாசி எழுதியிருந்தாரு, அழுதுட்டாராம். அவ அன்னைக்குத் தேங்கா அரைச்சா.

ஒரு கதை சொல்றேன் கேளுங்க, உங்களுக்குப் புரிஞ்சிடும். என் கதைதான், வானொலில நாலு தடவ சொல்லியிருக்கேன். ஒரு கடைக்காரன். தராசுல எத நிறுத்தாலும் கட்டைவிரல் தட்டு மேல இருக்கும். ஏமாத்தணும்னு இல்ல, அப்படியே பழகிடுச்சு. ஒரு நாள் விரல்ல அடிபட்டு கட்டுப் போட்டுட்டான். வாழ்க்கைல முதல் தடவையா விரல் படாம நிறுக்குறான். நிறுத்துட்டு, ஐயையோ, இன்னைக்கு சரக்கு எடையே இல்லாமப் போச்சேன்னு கூவுறான். தராசு கெட்டுப்போச்சுன்னு உடைக்கப் போயிட்டான். ஆகவே அன்பர்களே, மற்றவரை எடை போடும் முன் உங்கள் விரலைப் பாருங்கள். எப்படி? நல்லா இருக்குல்ல? எங்க வீட்டம்மாகிட்ட ஒரு தடவ இதச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கிட்டே, அந்தக் கடைக்காரன் பொண்டாட்டி என்ன சொன்னான்னு கேட்டா. பொண்டாட்டி எங்க வந்தா இதுலன்னேன். அதானேன்னுட்டுக் குழாய மூடினா.

இல்ல, இதுக்கும் அந்த மூணு வரிக்கும் சம்பந்தம் இருக்கு. வர்றேன் வர்றேன்.

பன்னெண்டரைக்கு எங்கள விட்டுட்டீங்க. நடுவர் பட்டைய சட்டைல குத்திக்கிட்டு ஒவ்வொரு மேடையாப் போனேன். மரத்தடில மூணு பேரு வயலின், நல்லாத்தான் இழைச்சாங்க, பக்கத்துல ஐஸ்கிரீம் வண்டிக்காரன் மணி அடிக்க அடிக்க அவங்க தாளம் அவன் பின்னாடியே போயிடுச்சு. அப்புறம் ஒரு கிடார்க்காரர், கம்பிய முறுக்கினாரு, முறுக்கினாரு, அரை மணி நேரம் முறுக்கிட்டு ஒரு பாட்டுப் பாடிட்டு நன்றின்னு இறங்கிட்டாரு. பின்னாடி ஆபீஸ்காரங்க சேர்ந்திசைக் குழு, நாப்பது பேரு. அதுல ஒருத்தர் வாய் மட்டும்தான் அசைக்கிறாரு, சத்தமே இல்ல. எனக்கு அவரப் பாத்ததும் சிரிப்பு வந்துச்சு. இப்ப வரல.

எங்க போனாலும் நாக்குல அந்த பூசணி நிக்குதும்மா. வழில பொரிச்ச மீன் தின்னேன், ஐஸ்கிரீம் தின்னேன். சும்மா நாக்க ஏமாத்திப் பாத்தேன். நடக்கல. நாலரை மணிக்கு எனக்கு ஒரு நல்ல யோசனை தோணிச்சு. நடுவர் வேலதான் முடிஞ்சுபோச்சே, இனி எந்தக் கடைன்னு தெரிஞ்சா தப்பில்ல. ருசி பாத்து முடிஞ்சப்புறம் கடைங்க மேல ஒட்டின நம்பரப் பாத்துக்கிட்டே போய் பதினொண்ணக் கண்டுபுடிச்சு, அந்தச் சமையல்காரங்கள நேர்ல ஒரு வார்த்தை பாராட்டிட்டு, அப்படியே இத எப்படி வைக்கிறதுன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டு வந்துடலாம். எதுக்கா? எங்க வீட்டம்மாகிட்டக் குடுக்கத்தான். பாத்தாவது கத்துக்கட்டுமேன்னு.

போனேன். வரிசை அந்த ஊஞ்சல் வரைக்கும் நின்னுச்சு. நானும் நின்னேன், இருவது நிமிஷம். கையில பேனா, தாள். ஆமா, இதே பேனாதான். முன்னாடி போனதும் எனக்கு மனசு மாறிடுச்சு. அந்த வரிங்க வேண்டாம்னு தோணிடுச்சு. அவ்வளவுதான் விஷயம்.

என்ன? இல்லல்ல! கடை சுத்தமாத்தான் இருந்துச்சு. சீ, ஈயா? ஒரு ஈ இல்ல. எதுக்கு இப்ப போன எடுக்குறீங்க? சுகாதாரத்துக்காரங்கள ஏன் கூப்பிடணும்? ஏம்மா, போன கீழ வைங்க. நீங்களா ஒண்ண நெனச்சுக்கிட்டு பதினொண்ணப் போட்டியிலேர்ந்து எடுக்குறேன்னு சொன்னா எப்படி? நடுவர் கடைக்குப் போய்ப் பாத்துட்டு வந்து வரிய அடிக்கச் சொன்னா அப்படித்தான் அர்த்தம்னு… சரி, நியாயம்தான். உங்க இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன். ஆனா அவங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க. ராவெல்லாம் முழிச்சு செஞ்சிருக்காங்க. பூண்டு சுட்ட வாசனை எனக்குப் படுக்கை வரைக்கும் வந்துச்சு, அடுப்படிக் கதவ சாத்துன்னு சத்தம் போட்டேன்.

ஆமா. எங்க வீட்லதான்.

அந்தக் கடை எங்க வீட்டம்மாவுதும்மா. அவளும் அவ தங்கச்சியும் சேர்ந்து போட்டிருக்காங்க. தங்கச்சி உருளைக்கிழங்கு பொரிக்கிறா, இவ சூப். தங்கச்சிக்காரிதான் முதல்ல என்னப் பாத்தா. அட, அத்தானா! அதிசயமா இருக்கே, வரிசைல நின்னு சாப்பிட வந்திருக்கீங்க, வீட்ல கூப்பிட்டாலே மூணு தடவ கூப்பிடணுமேன்னா. பின்னாடி நிக்கிறவன்லாம் சிரிக்கிறான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னேன். போன மாசம் ரெண்டு தடவ சொல்லிச்சு அக்கா, நீங்க பேப்பருக்குப் பின்னாடிலேர்ந்து சரி சரின்னீங்களாமேன்னா. இருக்கும். சொல்லியிருப்பா. நான் சரின்னும் சொல்லியிருப்பேன்.

அவளா? தலைல வெள்ளைத் துணி, கையில பெரிய கரண்டி. என் சட்டைல குத்தியிருந்த பட்டையப் பாத்தா. நடுவர்னு போட்டிருக்கே. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தா. காலைல ருசி பாத்தவங்கள்ல நானும் இருந்தேன்னு அந்த ஒரு பார்வைல தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. கிண்ணத்துல மொண்டு வச்சா. நாலு ரொட்டித் துண்டு எண்ணிப் போட்டா. அப்புறம் தங்கச்சி பக்கத்துலேர்ந்து, உருளைக்கிழங்குக்கு வச்சிருந்த உப்புப் பொட்டலம் ஒண்ண எடுத்து, என் கிண்ணத்துக்குப் பக்கத்துல வச்சா. எனக்கு முன்னாடி அறுவது பேரு வாங்கிட்டுப் போனாங்கம்மா, ஒருத்தருக்கும் வைக்கல. எனக்கு மட்டும், கேக்காமலே. கோவமா வச்சிருந்தா பரவாயில்ல. எப்பவும் வைக்கிற மாதிரி வச்சா. அடுத்து யாருன்னு கேட்டுட்டா.

எத்தனை வருஷமா? இருவத்தாறு. இருவத்தாறு வருஷமா அவ வச்சத நான் ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது. உப்பத்தான் சாப்பிட்டிருக்கேன். அவ சமையலப் பத்தி நான் சொன்ன ஒரே வார்த்தையும் அதான். உப்பு. அந்தக் கடைக்காரன் கதைய நாலு தடவ மைக்குல சொன்னேனே, ஒரு தடவையாவது குனிஞ்சு என் விரலப் பாத்தேனா? அவ பாத்திருக்கா. அதான் பொண்டாட்டி என்ன சொன்னான்னு கேட்டிருக்கா.

இப்ப புரியுதா, ஏன் அடிக்கச் சொன்னேன்னு? நீங்க மேடைல அவள நிக்க வச்சுப் படிப்பீங்க. இதைச் சமைத்த கையை நான் அறியேன். அவ கேப்பா. இவ்வளவு சனத்துக்கு நடுவுல, மிக்ஸி இல்லாம, முதல் தடவையா என் பேச்ச முழுசாக் கேப்பா. கொடுத்துவைத்தவர் எவரோன்னு வரும்போது சிரிச்சிடுவாம்மா. சிரிச்சாக்கூடப் பரவாயில்ல. சிரிக்காம நின்னுட்டா?

என்ன சொல்றீங்க? என் தாள விட்டுட்டா? மத்த ரெண்டு பேரு மார்க்க மட்டும் கூட்டினாலும்… காட்டுங்க. பதினொண்ணுதான் முதல்ல வருதா? பேக்கரிக்காரர் பத்துக்குப் பத்தா! அந்தக் கஞ்சனா! அப்ப என் மார்க் தேவையே இல்லன்னு சொல்லுங்க. அப்படின்னா…

அந்தப் பேனாவக் குடுங்க. இல்ல, வரிய இல்ல. மார்க்க அடிக்கிறேன். பொண்டாட்டி சமையலுக்கு நடுவரா உட்கார விதியும் இடம் குடுக்காது, எனக்கு யோக்கியதையும் இல்ல. இதோ, கோடு போட்டாச்சு, பக்கத்துல கையெழுத்தும் போட்டுட்டேன். வரி இருக்கட்டும். ஆமா, மூணும். முதல் வரியுமா? அது இருந்தாத்தான் மத்த ரெண்டும் நிஜம். ஒண்ணே ஒண்ணு, யாரு எழுதினதுன்னு பேரு சொல்லிப் படிக்கச் சொல்லுங்க. வழக்கமில்லைன்னா இன்னைக்கு ஒரு நாள் மாத்திக்கங்க. வானொலில பேசுறவருன்னு வேண்டாம். இந்தம்மாவோட வீட்டுக்காரருன்னு சொன்னாப் போதும்.

பேண்டு நின்னுடுச்சே, கூப்பிடப் போறாங்களா? நான் எங்க நிக்கட்டும்? முன்வரிசை நாற்காலியா? வேண்டாம்மா, அவ கண்ணுக்குப் படுற மாதிரி ஓரமா நிக்கிறேன். இருங்க, இத மறந்துட்டேன். சட்டைப் பைலயே இருக்கு. அந்த உப்புப் பொட்டலம்தான். பிரிக்கல. நடுவருங்க மேஜைலதானே உப்பு வைக்கக் கூடாதுன்னு விதி, அந்தச் சோளத்துக்குப் போட்டுக்கங்க. முதல்ல ஒரு வாய் தின்னு பாத்துட்டு.